கைபேசியில் நெட் தேவையா? ஒரு வாரம் அணைத்து வைத்துத் தெரிந்துகொள்வது எப்படி

வீட்டில் வைஃபை இருக்கிறது. வேலை செய்யும் இடத்திலும் இருக்கிறது. அப்படியிருக்கக் கைபேசிக்கென்று தனியாக மாதாமாதம் டேட்டாவுக்குப் பணம் கட்டத்தான் வேண்டுமா? எல்லாருக்கும் பொருந்துகிற பதில் இதற்குக் கிடையாது. ஆனால் உங்களுக்கான பதிலை நீங்களே ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம். அந்த வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். எழுந்து நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறேன். அதனால் என் பகல் முழுக்க ஒரு வீட்டு வைஃபைக்கும் அடுத்த வீட்டு வைஃபைக்கும் நடுவில் தெருவில்தான் கழிகிறது. என்னிடம் சிகிச்சை எடுப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வயதானவர்கள். பயிற்சி முடிந்து மூச்சு வாங்க உட்காரும்போது கைபேசியை என் பக்கம் நீட்டுவார்கள். "மகன் நெட்டு போட்டுக்கோங்கறான், மக வேணாங்கறா. நீயே சொல்லும்மா." அப்படிக் கேட்டுக் கேட்டு, நிறைய பேருக்கு நானே உட்கார்ந்து கைபேசியைச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதுதான் கீழே வருவது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் வெளியே போய் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கொஞ்சம் டேட்டா கட்டாயம் வேண்டும். பெரிய பிளான் மிகச் சிலருக்குத்தான் வேண்டும். இந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் காசு வீணாகிறது.

நெட் இல்லாமலே நடப்பவை

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்தால் கைபேசியே செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முக்கியமான பல வேலைகள் அது இல்லாமலே நடக்கும்.

சாதாரண அழைப்பு நடக்கும். 4ஜியில் குரலும் டேட்டா மாதிரியேதான் பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. வோல்டீ (VoLTE) என்று சொல்வது அதைத்தான். ஆனாலும் அது உங்கள் டேட்டா கணக்கில் சேராது, டேட்டா பொத்தானை அணைத்திருந்தாலும் அழைப்பு வரும், போகும். எஸ்எம்எஸ் வரும், அதனால் வங்கி அனுப்பும் ஓடிபியும் வரும். அரசு அனுப்பும் பேரிடர் எச்சரிக்கை, செல் பிராட்காஸ்ட் முறையில் (கோபுரத்திலிருந்து சுற்றியுள்ள எல்லாக் கைபேசிக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவது) வருவதாக இருந்தால், அதுவும் வந்து சேரும்.

எஸ்எம்எஸ்ஸையே நம்பி இருக்கப் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து கொள்ளும். தமிழில் தட்டினால் 70தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்தாகக் கணக்கில் ஏறும். 'வணக்கம்' நம் கண்ணுக்கு 5 எழுத்து, கைபேசிக்கு 7. ஆகவே தமிழில் இரண்டு மூன்று வரி எழுதினாலே அது இரண்டு எஸ்எம்எஸ் ஆகிவிடும். எண்ணிக்கைக்குக் கட்டணம் பிடிக்கிற பிளானில் இது கவனிக்க வேண்டிய விஷயம்.

அப்புறம் ஜிபிஎஸ். இதற்கு நெட் வேண்டும் என்றுதான் கிட்டத்தட்ட எல்லாருமே நினைத்திருக்கிறார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் சிக்னலைக் கைபேசி வாங்கிக்கொண்டு தான் இருக்கும் இடத்தைத் தானே கணக்குப் போடுகிறது. அது ஒருவழிப் பாதை. கைபேசி திருப்பி எதையும் அனுப்ப வேண்டியதில்லை. நெட் செய்யும் உதவி வேறு. எந்தச் செயற்கைக்கோள் இப்போது எங்கே இருக்கிறது என்ற விவரத்தை அது சட்டென்று கொடுத்துவிடுகிறது. அது இல்லாவிட்டால் கைபேசி அந்த விவரத்தையும் செயற்கைக்கோளின் சிக்னலிலிருந்தே மெதுவாகப் பெற வேண்டும். ஒரு செயற்கைக்கோள் தன் இருப்பிட விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை திரும்பச் சொல்லும். எல்லாச் செயற்கைக்கோள்களையும் பற்றிய முழுப் பட்டியலும் வந்து முடிய 12.5 நிமிடம் ஆகும். அதனால் நெட் இல்லாமல் முதல்முறை இடம் காட்டக் கொஞ்சம் தாமதமாகும். திறந்த வெளியில் நின்று பொறுமையாக இருந்தால் வந்துவிடும்.

இடம் தெரிந்தால் மட்டும் போதுமா, வரைபடம் வேண்டுமே. அதை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டால் 'ஆஃப்லைன் மேப்ஸ்' இருக்கும். நீங்கள் புழங்கும் பகுதியைக் கட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்தால் இறங்கிவிடும். நடந்து போகிறவர்களுக்கு நான் ஆர்கானிக் மேப்ஸைப் பரிந்துரைப்பேன். மக்களே சேர்ந்து உருவாக்குகிற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடத்தின் தகவலை வைத்து இயங்குகிற செயலி அது. சந்து பொந்துகூட இருக்கும், நெட் இல்லாமலே வழி சொல்லும். முக்கியமாகக் கிடைக்காதது நிகழ்நேர நிலவரம்தான்: எங்கே நெரிசல், எந்தச் சாலை அடைத்திருக்கிறது என்பதெல்லாம் தெரியாது.

கணக்குகளுக்குள் நுழையும்போது 6 இலக்க எண் காட்டுகிற அதென்டிகேட்டர் செயலிகளுக்கும் நெட் வேண்டாம். அந்த எண் கைபேசியில் உள்ள ரகசியச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் வைத்து அங்கேயே தயாராகிறது, பெரும்பாலும் 30 நொடிக்கு ஒருமுறை மாறும். கடிகாரம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பாட்டு, பாட்காஸ்ட், மின்னூல், மொழிபெயர்ப்புச் செயலியின் மொழிக்கோப்பு எல்லாம் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளக்கூடியவை.

ஒரு வாரச் சோதனை

இவ்வளவும் ஏற்பாடு செய்துகொண்ட பிறகு மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். மேலிருந்து கீழே இழுத்தால் வருகிற பலகையிலேயே பொத்தான் இருக்கும். ஏரோப்ளேன் மோடைத் தொடாதீர்கள், அதில் அழைப்பும் சேர்ந்து நின்றுவிடும். வைஃபை அப்படியே இருக்கட்டும். டேட்டா பிளான் இன்னும் வாங்கவே இல்லை, டேட்டா இல்லாத சிம்தான் இருக்கிறது என்றால் நீங்கள் ஏற்கெனவே சோதனையில்தான் இருக்கிறீர்கள். எழுதி வைக்க ஆரம்பித்தால் போதும்.

தொடங்கும் முன் நெருக்கமானவர்களிடம் சொல்லிவிடுங்கள்: "இந்த வாரம் வெளியில இருக்கும்போது வாட்ஸ்அப் பார்க்க மாட்டேன், அவசரம்னா போன் போடுங்க." செய்தி எதுவும் தொலைந்து போகாது. வந்து சேராத செய்தியை வாட்ஸ்அப் 30 நாள் வரை தன் சர்வரில் வைத்திருக்கும், வைஃபை கிடைத்ததும் வரிசையாக வந்து விழும். ஆனால் வாட்ஸ்அப் வழியாகவே அழைக்கிற பழக்கம் உள்ளவர்கள் நீங்கள் எடுக்கவில்லை என்று பயந்துபோவார்கள். அதற்காகத்தான் முன்கூட்டியே சொல்லச் சொல்கிறேன்.

இப்போது சட்டைப்பையில் ஒரு சின்னத் தாள். டேட்டாவை மறுபடி போட வேண்டும் என்று கை பரபரக்கும் ஒவ்வொரு தடவையும் மூன்று விஷயம் எழுதுங்கள்: எங்கே இருந்தீர்கள், எதற்காக வேண்டியிருந்தது, அடுத்த வைஃபை வரை அது காத்திருக்க முடிந்ததா. மூன்றாவதுதான் முக்கியம். உண்மையிலேயே காத்திருக்க முடியாத கட்டம் வந்தால் டேட்டாவைப் போட்டு வேலையை முடித்துக்கொள்ளுங்கள். சோதனைக்காக யாரும் நடுத்தெருவில் தவிக்க வேண்டாம். ஆனால் எழுதிவிடுங்கள்.

என் தாளில் விழுந்த வரிகளை அப்படியே தருகிறேன், எழுதுகிற விதம் புரியும்:

"பேருந்து நிறுத்தம். செய்தி படிக்க. காத்திருக்கலாம்."
"புது நோயாளி வீடு. வீட்டு எண் தப்பு, மகள் வாட்ஸ்அப்பில் சரியான இடத்தை அனுப்பியிருந்தார். காத்திருக்க முடியாது."
"மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது. சும்மா. காத்திருக்கலாம்."
"இடுப்பு அறுவை முடிந்தவர். கால் வீங்கியிருக்கிறது, படம் எடுத்து டாக்டருக்கு உடனே அனுப்ப வேண்டும். அவர்கள் வீட்டில் வைஃபை இல்லை. காத்திருக்க முடியாது."

அந்தக் கடைசி வரி எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டது. அறுவைக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தம் உறைந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட்டாக வேண்டும். போனில் வாயால் விவரிப்பதற்கும், இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தை டாக்டர் பார்ப்பதற்கும் எவ்வளவோ வித்தியாசம் உண்டு. இந்த ஒரு காரணத்துக்காகவே என் கைபேசியில் டேட்டா எப்போதும் இருக்கும். ஆனால் அந்தப் படத்தின் எடை என்ன? கேமராவில் 3 எம்பி இருக்கும், வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பும்போது அதற்கும் கீழே. எனக்குக் கட்டாயமான டேட்டா அவ்வளவுதான்.

தாளைப் படிப்பது

வாரக் கடைசியில் தாளை விரியுங்கள். 'காத்திருக்கலாம்' என்று எழுதிய வரிகளை எல்லாம் அடித்துவிடுங்கள். மிச்சம் என்ன இருக்கிறது?

ஒன்றுமே மிச்சமில்லை என்றால் உங்களுக்கு மொபைல் டேட்டா தேவையில்லை. அழைப்பு மட்டும் உள்ள பிளானே போதும். யார் என்ன சொன்னாலும் மனதை மாற்றிக்கொள்ளாதீர்கள்.

இரண்டு மூன்று வரி இருக்கிறது, எல்லாமே செய்தி, படம், வழி, பணம் செலுத்துவது மாதிரியானவை என்றால் இருப்பதிலேயே சின்ன பிளானோ, தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்கிற டேட்டாவோ போதும். இந்த ரகத்தில்தான் அதிகம் பேர் இருக்கிறார்கள்.

தாள் நிரம்பி வழிகிறது, வேலையே வெளியில்தான், கைபேசி நெட்டைக் கணினிக்கும் பகிர்ந்து ஹாட்ஸ்பாட் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால் தயங்காமல் பெரிய பிளான் எடுங்கள். அது உங்களுக்குத் தொழிற்கருவி.

சிலருக்கு இந்தச் சோதனையே வேண்டாம் என்பேன். காது கேளாதவர்களுக்கு வீடியோ அழைப்புதான் சைகை மொழியில் பேசும் வழி. எழுத்துச் செய்திதான் அவர்களுடைய போன் மணி. அவர்களிடம் போய் "அவசரம்னா போன் போடு" என்று சொல்ல முடியாது. அதேபோல இரவில் தனியாகப் போய் வருகிறவர்கள், தாங்கள் இருக்கும் இடம் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள். இன்சுலின் பம்ப், சர்க்கரை அளவு காட்டும் பட்டை போன்றவற்றைக் கைபேசியோடு இணைத்து, அந்த அளவை வேறு ஊரில் இருக்கும் மகனோ மகளோ பார்க்கிற ஏற்பாடு செய்திருப்பவர்களும் இதில் சேர்த்தி. இவர்களுக்கெல்லாம் டேட்டா அடிப்படைத் தேவை.

எவ்வளவு ஜிபி?

நிறுவனத்தின் விளம்பரத்தில் அளவு ஜிபியில், வேகம் எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு இத்தனை மெகாபிட்) என்று இருக்கும். ஜிபி என்பது பைட், எம்பிபிஎஸ் என்பது பிட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். இது தெரிந்தால் கணக்கு நம் கைக்கு வந்துவிடும்.

பாட்டு கேட்பது நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் என்றால் மணிக்கு 58 எம்பி. 320 கிலோபிட் உயர்தரத்தில் 144 எம்பி. வீடியோவில் சாதாரணத் தரத்துக்கு நொடிக்கு 1 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 450 எம்பி. முழு எச்டிக்கு 5 மெகாபிட் என்றால் மணிக்கு 2.25 ஜிபி. எழுத்துச் செய்தி சில கிலோபைட்தான். ஒரு நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருந்தாலும் சில எம்பி தாண்டுவது கஷ்டம்.

இதை வைத்து உங்கள் தாளில் மிஞ்சிய வரிகளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீடியோ இல்லாத தாளுக்கு மாதம் 1 ஜிபி வந்தாலே அதிகம். இணையச் செலவு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வீடியோதான். திரையை மேலே தள்ளத் தள்ளத் தானாக ஓடும் வீடியோ, நாம் கேட்டே இராத வீடியோ.

நீங்களே எடுக்கிற வீடியோவும் எடை கூடியது. ஐஃபோன் தன் செட்டிங்ஸிலேயே எழுதி வைத்திருக்கிறது: 1080பி, நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி, அதே ஃப்ரேமில் 4கே என்றால் சுமார் 170 எம்பி (மாடலைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும்). பேரனின் பாட்டை 4கேயில் 5 நிமிடம் எடுத்து அப்படியே மேகக் (கிளவுட்) கணக்கில் ஏற்றினால் சுமார் 850 எம்பி ஓடிவிடும்.

'அன்லிமிடெட்' என்ற சொல்லைப் பார்த்தால் அடியில் சின்ன எழுத்தைப் படியுங்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் வேகத்தைக் குறைப்பார்கள். 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) என்று போட்டிருந்தால் அது 1 எம்பி இறங்க 125 நொடி எடுக்கும் வேகம். ஒரு சாதாரண இணையப் பக்கம் இப்போது 2 எம்பிக்கு மேல். அது திறக்க 4 நிமிடம். வரைபடமும் வீடியோவும் வேலைக்கு ஆகாது. ஆனால் எழுத்துச் செய்தி அந்த வேகத்திலும் போய்விடும். உங்கள் தாளில் செய்திகள் மட்டுமே இருந்தால், அளவு முடிந்த பிறகு கிடைக்கும் அந்த மெதுவான இணைப்பேகூட உங்களுக்குப் போதுமானது. மறுபடி டேட்டா வாங்க அவசரப்பட வேண்டாம்.

வாங்கும் முன் சிக்னலைப் பாருங்கள்

நிறுவனங்களின் வரைபடத்தில் எல்லா இடமும் பச்சையாகத்தான் இருக்கும். உங்களுக்குத் தேவைப்பட்ட இடம் எது என்று தாளில் முதல் விஷயமாக எழுதியிருக்கிறீர்களே, அந்த இடங்களுக்கே அதே நெட்வொர்க் வைத்திருக்கும் நண்பரை அழைத்துப் போங்கள், அல்லது அவர் கைபேசியைக் கொஞ்ச நேரம் வாங்கிப் போங்கள். கோடுகளை எண்ணாதீர்கள், ஒரு படத்தை அனுப்பிப் பாருங்கள். கீழ்த்தளத்தில், கனமான சுவர்களுக்கு நடுவில், சாயங்காலம் எல்லாரும் நெட்டில் இருக்கும் நேரத்தில் பாருங்கள். நான் போகிற வீடுகளில் தரைத்தளத்துக்குக் கீழே அறை இருக்கிற வீடுகள் சில உண்டு. அங்கே படிக்கட்டில் ஏறி நின்றால்தான் எதுவும் போகும். அப்படி ஓர் இடத்துக்காக நீங்கள் டேட்டா வாங்குவதானால் வாங்கியும் பயனில்லை. அந்த வீட்டு வைஃபை கடவுச்சொல்லைக் கேட்பதே மேல்.

சிக்னல் குறைவான இடத்தில் பேட்டரியும் வேகமாகத் தீரும். கோபுரம் எட்டத்தில் இருக்கும்போது கைபேசி பலமாக அனுப்ப வேண்டியிருக்கிறது. மருத்துவமனை வாசலில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள் என்றால் டேட்டாவை அணைத்து வைத்தால் சார்ஜ் அதிக நேரம் தாங்கும்.

நெட்டே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பொத்தான் போனை எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்வதற்கு முன் உங்கள் நாட்டில் 2ஜி, 3ஜி இன்னும் ஓடுகிறதா என்று கேளுங்கள். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022க்குள் 3ஜியை நிறுத்திவிட்டன. ஆஸ்திரேலியாவில் 2024இல் நின்றுவிட்டது. நின்ற இடங்களில் பழைய போன் நெட்டை மட்டும் இழக்கவில்லை, அழைப்பையே இழந்துவிட்டது. பேசுவதற்கு மட்டும் என்றாலும் 4ஜியும் வோல்டீயும் உள்ள போனாகப் பாருங்கள். பொத்தான் போனிலேயே அப்படி வருகிறது.

போட்ட பிறகு செய்ய வேண்டிய அமைப்புகள்

இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன், பொறுமையாக ஒருமுறை செய்துவிட்டால் போதும்.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் பகுதியில் சிம்மைத் தொட்டு, 'டேட்டா வார்னிங் அண்ட் லிமிட்' என்பதைத் திறங்கள். சில கைபேசிகளில் இது 'டேட்டா யூசேஜ்' என்ற பெயரில் இருக்கும். பிளான் புதுப்பிக்கும் தேதியைப் போட்டு, உங்கள் அளவுக்குச் சற்றுக் கீழே லிமிட் வையுங்கள். அந்த எல்லை வந்ததும் கைபேசியே டேட்டாவை நிறுத்திவிடும். 'டேட்டா சேவர்' போட்டால் நீங்கள் திறக்காத செயலிகள் பின்னணியில் தின்பது நிற்கும். ஐஃபோனில் இப்படி ஒரு கடிவாளம் கிடையாது. அங்கே மொபைல் டேட்டா பகுதிக்குப் போய், ஒவ்வொரு செயலியாகப் பார்த்து, வீட்டில் மட்டும் தேவைப்படுகிறவற்றை அணைத்துவிடுங்கள். 'லோ டேட்டா மோட்' போடுங்கள். அதே பட்டியலின் கடைசியில் 'வைஃபை அசிஸ்ட்' என்று ஒன்று இருக்கும். வைஃபை மந்தமாக இருந்தால் சொல்லாமலே மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடுகிற வசதி அது. சின்ன பிளான்காரர்கள் அதை முதலில் அணைக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' போய், மொபைல் டேட்டாவில் எதுவும் தானாக இறங்காதபடி செய்யுங்கள். குடும்பக் குழுவில் வருகிற காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும்தான் பெரியவர்களின் டேட்டாவைக் காலி செய்கின்றன. பல வீடுகளில் நான் இந்த ஒன்றை மாற்றியதுமே பிளான் மாதக்கடைசி வரை வந்திருக்கிறது. செயலி அப்டேட்டும் படங்களின் மேகச் சேமிப்பும் வைஃபையில் மட்டும் என்று வையுங்கள். கணினிக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்தால், விண்டோஸில் அந்த இணைப்பை 'மீட்டர்டு' (அளவுக்கு உட்பட்டது) என்று குறித்துவிடுங்கள். இல்லையென்றால் கணினி அதை வீட்டு வைஃபை என்று நினைத்துத் தன் அப்டேட் முழுவதையும் இறக்கும்.

நாடு விட்டு நாடு போகும்போது டேட்டா ரோமிங் (வெளிநாட்டு நெட்வொர்க்கில் டேட்டா ஓடும் வசதி) அணைந்திருக்கிறதா என்று விமானம் ஏறும் முன்பே பாருங்கள்.

வயதானவர்களுக்குப் போட்டுக் கொடுப்பதானால்

இந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். அப்பா அம்மாவுக்கு நெட் போடுவது பற்றி அவர்களிடமே கேட்காமல் முடிவெடுக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

பக்கவாதம் வந்து மீண்டுகொண்டிருக்கும் ஒரு ஐயா, நெட் வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தார். "ஏன் ஐயா?" என்று கேட்டேன். "வந்துட்டா எல்லாரும் படத்துல பார்த்துட்டுப் போயிடுவாங்கம்மா. இப்ப நேர்ல வர்றாங்க" என்றார். அவர் சொன்னது சரி. அவருக்கு நான் நெட் போடச் சொல்லவில்லை. அதே தெருவில் இன்னொரு அம்மா, மகள் கடல் கடந்து இருக்கிறாள். சாதாரண அழைப்பில் பேசினால் காசு கரைகிறது என்று இரண்டு வார்த்தையில் வைத்துவிடுவார். அவர் வீட்டிலும் வைஃபை இல்லை. கைபேசி டேட்டாதான் அவர் வீட்டு இணையம். அவருக்கு மட்டும் நான் பெரிய பிளானாகவே எடுக்கச் சொன்னேன், வீடியோ அழைப்புக்குச் சேர்த்துக் கணக்குப் போட்டு. ஆக, கேட்க வேண்டிய கேள்வி 'இந்த வயதில் நெட் எதற்கு' என்பது கிடையாது. 'யாரோடு பேச உங்களுக்கு ஆசை, அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள்' என்று கேளுங்கள்.

போட்டுக் கொடுத்தால் பாதியில் விட்டுவிடாதீர்கள். திரைப்பூட்டு வையுங்கள். சிம்முக்கும் பின் எண் வைக்கலாம், ஆனால் அதை எழுதிப் பத்திரமாக வையுங்கள். கீழ்க்கண்டதை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வையுங்கள்: ஓடிபியை யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன், போனில் பேசிக்கொண்டே எந்தச் செயலியையும் இறக்கச் சொன்னால் போனை வைத்துவிடுவேன், பணம் என்று யாராவது பதறினால் முதலில் பிள்ளைகளுக்கு நானே எண்ணைப் போட்டு அழைப்பேன். திரையைப் பகிர்கிற செயலியை இறக்க வைத்து, அவர்கள் கண்ணெதிரே வங்கிக் கணக்கைத் துடைக்கிற மோசடி இப்போது மிகவும் பெருகியிருக்கிறது. அதற்கு நெட் ஒரு கதவு. கதவைத் திறந்து வைக்கிறவர் தாழ்ப்பாளையும் காட்டிக் கொடுக்க வேண்டும்.

போட்டாலும் அணைத்தே வைக்கலாம்

டேட்டா இருக்கிறது என்பதற்காக அது எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நான் நோயாளியின் தோளையோ முழங்காலையோ பிடித்திருக்கும்போது டேட்டா அணைந்திருக்கும். அழைப்பு மட்டும் வரும். அவசரக்காரர்கள் அழைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டை விட்டு வெளியே வந்ததும் போடுவேன், அடுத்த வீட்டு முகவரியையும் செய்திகளையும் பார்ப்பேன், மறுபடி அணைப்பேன். இதனால் டேட்டா மிச்சமாவது உண்மைதான். அதைவிடப் பெரிதாக நான் நினைப்பது, என் கை ஒருவர் உடம்பின் மேல் இருக்கும்போது என் கவனமும் அங்கேயே இருப்பது. சிகிச்சை கொடுக்கிறவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தால் நோயாளிக்கு உடனே தெரியும், தசை இறுகிவிடும்.

எல்லாருக்கும் இப்படி அணைத்துப் போடுவது ஒத்துவராது. அப்படிப்பட்டவர்கள் டேட்டாவை விட்டுவிட்டு நோட்டிஃபிகேஷனை மட்டும் குறைக்கலாம்: ஆட்கள் அனுப்பும் செய்திக்கு ஒலி இருக்கட்டும், செயலிகள் தாமாக அனுப்பும் தூண்டில்களுக்கு வேண்டாம்.

ஒரு மாதம் ஆனதும் டேட்டா யூசேஜ் பட்டியலைத் திறந்து பாருங்கள். எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்று பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக இருக்கும். ஐஃபோனில் இந்தக் கணக்கு மாதம் மாறினாலும் தானாகப் பூஜ்யமாகாது. பட்டியலின் கடைசியில் 'ரீசெட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' இருக்கிறது, பிளான் புதுப்பிக்கும் நாளில் அதை அழுத்தி வையுங்கள். பட்டியலின் உச்சியில் உங்கள் தாளில் 'காத்திருக்கலாம்' என்று எழுதிய செயலி உட்கார்ந்திருந்தால், அதன் மொபைல் டேட்டா அனுமதியை எடுத்துவிட்டு அடுத்த மாதம் ஒரு படி சின்ன பிளானுக்கு இறங்கிப் பாருங்கள். உச்சியில் இருப்பது காத்திருக்க முடியாதது என்றால் பிளானைத் தொட வேண்டாம்.